பட்டும் புத்தி தங்க மாட்டேன் என்கிறது: ஏ.டி.எச்.டி. உள்ளவர்கள் அனுபவத்தை எப்படிப் பிடித்து வைக்கிறீர்கள்?

கோவை ரீவைண்டிங் (கேட்டவர்)

வணக்கம். கோவையில் மோட்டார் ரீவைண்டிங் (எரிந்த மோட்டாருக்குப் புதிதாகக் கம்பி சுற்றும் வேலை) பட்டறை வைத்திருக்கிறேன், வயது 38, தொழிலுக்கு வந்து 20 வருடம் ஆகிறது. போன வருடம் மகளுடைய டீச்சர் சொல்லி அவளை டாக்டரிடம் கூட்டிப் போனோம். அவளைப் பற்றி டாக்டர் கேட்ட ஒவ்வொரு கேள்விக்கும் என் மனைவி என்னைத் திரும்பித் திரும்பிப் பார்த்தாள். இரண்டு மாதம் கழித்து எனக்கும் ஏ.டி.எச்.டி. (கவனம் ஓரிடத்தில் நிற்காமல், அவசரமும் மறதியுமாக இருக்கும் நிலை) என்று உறுதியானது. மாத்திரை எடுக்கிறேன், ஓரளவு பயன் தெரிகிறது. நான் கேட்க வந்தது மாத்திரை பற்றி இல்லை.

பட்டால்தான் புத்தி வரும் என்பார்கள். எனக்குப் பட்டும் வரவில்லை, அதுதான் கேள்வி.

தொழிலிலிருந்தே சொல்கிறேன். எரிந்துபோன மோட்டார் வந்தால் பழைய காயிலை வெட்டுவதற்கு முன்னால் டேட்டா எடுக்க வேண்டும். எத்தனை ஸ்லாட் (கம்பி இறங்கும் பள்ளம்), ஒரு காயிலுக்கு எத்தனை சுற்று, என்ன கேஜ் கம்பி, எந்த ஸ்லாட்டில் இறங்கி எந்த ஸ்லாட்டில் ஏறுகிறது, இணைப்பு ஸ்டாரா டெல்டாவா, எல்லாம் நோட்டில் ஏறிய பிறகுதான் உளியைக் கையில் எடுக்க வேண்டும். வெட்டிக் கலைத்துவிட்டால் அப்புறம் கணக்குப் போட்டுத்தான் பிடிக்க வேண்டும். சுற்று குறைந்துவிட்டால் லோடு இல்லாமல் ஓடும்போதே ஆம்ப்ஸ் அதிகம் இழுக்கும், சூடாகும், மறுபடியும் எரியும். எனக்குத் தொழில் சொல்லிக் கொடுத்தவர் முதல் நாளே சொன்ன பாடம் இது.

இதை நான் மூன்று முறை மீறியிருக்கிறேன். கடைசி முறை இந்த மார்ச்சில். ஒரு விவசாயியின் 5 எச்.பி. மோனோபிளாக் (மோட்டாரும் பம்பும் ஒன்றாக இருப்பது), வாழைக்குத் தண்ணீர் பாய்ச்ச முடியாமல் ஆள் வாசலிலேயே நிற்கிறார். ஸ்டேட்டரை (மோட்டாரில் கம்பி சுற்றிய, சுழலாத பகுதி) பெஞ்சில் வைத்தேன், கருகிய வார்னிஷ் வாசம் வந்தது, உளியை எடுத்தேன், ஒரு பக்கம் முழுக்க வெட்டிவிட்டேன். வெட்டிய முனைகள் காலடியில் கிடக்கும்போதுதான் நோட்டு அலமாரியில் இருப்பது கண்ணில் பட்டது. அந்த நிமிடம் முந்தைய இரண்டு முறை நடந்ததும் அப்படியே படமாக மனதில் வந்தது. முன்னால் வரவில்லை, வெட்டி முடித்த பிறகு வந்தது. அவர் மூன்று நாள் காத்திருந்தார்.

இதே ஆள்தான் மோட்டார் ஓடும் சத்தத்தைத் தெருவில் நடக்கும்போது கேட்டாலே பேரிங் போயிருக்கிறதா, கெபாசிட்டர் வீக்கா, ஃபேன் கவர் உரசுகிறதா என்று சொல்லிவிடுவேன். அந்த அறிவு 20 வருடமாகச் சேர்ந்துகொண்டே வந்திருக்கிறது, ஒரு நாளும் கைவிட்டதில்லை. ஒரே தலை, ஒன்று மட்டும் நிற்கிறது, இன்னொன்று நிற்பதில்லை. ஏன்?

இன்னொன்று, இதுதான் அதிகம் வலிக்கிறது. 2014இல் ஒரு நண்பனின் கடனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டேன், அவன் கட்டவில்லை, நான் கட்டினேன். 2019இல் இன்னொருவருக்கு. போன வருடம் மூன்றாவது. ஒவ்வொரு முறையும் இனிமேல் செத்தாலும் போட மாட்டேன் என்று மனைவியிடம் சொன்னவன் நான்தான். எதிரில் ஒருவர் கண் கலங்கி உட்கார்ந்தால் வாய் “சரி” என்று சொல்லிவிடுகிறது. பழையதெல்லாம் ராத்திரி படுத்த பிறகுதான் ஞாபகம் வருகிறது.

“இவனுக்கு எவ்வளவு பட்டாலும் உறைக்காது” என்பது சின்ன வயதிலிருந்து என் அம்மா சொல்லும் வார்த்தை. இப்போது என் மகளைப் பார்த்தும் அதையே சொல்ல ஆரம்பித்திருக்கிறார். அவளுக்கு 9 வயது.

நாற்பது ஐம்பது தாண்டியவர்கள் இங்கே இருந்தால் சொல்லுங்கள். அனுபவம் எப்போது, எப்படிக் கையில் தங்கியது? டைரி எழுதச் சொல்வார்கள் என்று தெரியும், ஜனவரியில் தொடங்கிப் பாதியில் நின்ற டைரிகள் வீட்டில் நிறைய இருக்கின்றன. அதைத் தாண்டி ஏதாவது இருந்தால் சொல்லுங்கள்.

திருச்சி செவிலி

தம்பி, நான் 46, எனக்கு 43 வயதில்தான் தெரிந்தது, அதுவும் உங்களைப் போலவே பிள்ளை வழியாகத்தான். உங்கள் பதிவை இரண்டு முறை படித்தேன். உங்கள் அம்மா சொல்வது தவறு என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். உங்களுக்கு உறைக்கவில்லை என்று இல்லை. உறைத்திருக்கிறது, நிறையவே உறைத்திருக்கிறது, ஆனால் உறைத்தது வேறு ஒன்று.

ஒரு கேள்வி. முதல் இரண்டு முறை டேட்டா எடுக்காமல் வெட்டினீர்களே, வெட்டுவதற்கு முந்தைய ஐந்து நிமிடம் என்ன நடந்தது என்று ஞாபகம் இருக்கிறதா? போன் வந்ததா, பக்கத்தில் யார் நின்றார்கள், சாப்பிட்டிருந்தீர்களா? அநேகமாக இருக்காது. ஆனால் மோட்டார்க்காரர் என்ன சொல்லித் திட்டினார், அன்றைக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் நின்றீர்களே, அது அச்சுப் பிசகாமல் இருக்கும். நம் விஷயத்தில் நடப்பது இதுதான். தப்பு நடந்த உடனே அவமானம் பெரிய அலை மாதிரி வந்து விவரம் எல்லாவற்றையும் அடித்துக்கொண்டு போய்விடுகிறது. மிஞ்சுவது “நான் இப்படித்தான்” என்ற நினைப்பு மட்டும். அதை வைத்துக்கொண்டு அடுத்த முறை என்ன செய்ய முடியும்?

எங்கள் வீட்டில் மாடித் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்ற மோட்டார் போட்டுவிட்டு மறந்துவிடுவேன். தொட்டி நிரம்பி, சுவர் வழியாக வழிந்து, பக்கத்து வீட்டுக் கொடியில் காயும் துணியெல்லாம் நனைந்து, அவர்கள் கத்திய பிறகுதான் ஓடுவேன். பத்து வருடம் இப்படியே போனது. எல்லாருக்கும் தெரிந்த வைத்தியம்தான் செய்தேன், போனில் அலாரம். அலாரம் அடிக்கும், கை அதுவாகவே அணைக்கும், திரும்ப வேலையில் இறங்கிவிடுவேன்.

பிள்ளைக்காக டாக்டரிடம் போன பிறகுதான், திட்டு வாங்கின கதையை விட்டுவிட்டு முந்தைய ஐந்து நிமிடத்தை மட்டும் பார்க்க ஆரம்பித்தேன். பார்த்தால் ஒவ்வொரு முறையும் ஒரே கதை. வேறு எதற்கோ போகும் வழியில் சுவிட்சைப் போட்டிருக்கிறேன். மோட்டார் போட வேண்டும் என்று எழுந்து போய்ப் போட்ட நாட்களில் மறந்ததே இல்லை. பத்து வருடமாக இந்தச் சின்ன விஷயம் எனக்குத் தெரியாது! “நான் மறதிக்காரி” என்று மட்டும்தான் தெரியும்.

இப்போது சுவிட்சுக்குப் பக்கத்தில் ஆணியில் ஒரு சிவப்பு பிளாஸ்டிக் வளையல் தொங்குகிறது, பிள்ளையின் பழைய வளையல். மோட்டார் போட்டால் அதைக் கையில் மாட்டிக்கொள்வேன், அணைத்தால் திரும்ப ஆணியில். பாத்திரம் தேய்க்கும்போது அது மணிக்கட்டில் வழுக்கி வழுக்கி வரும், கொஞ்சம் இறுக்கமாகவும் இருக்கும், மறக்கவே முடியாது. மூன்று வருடம் ஆகப் போகிறது, இரண்டு முறைதான் தண்ணீர் வழிந்தது. இரண்டு முறையும் வளையல் ஆணியில் இல்லை, யாரோ எடுத்து எங்கோ வைத்திருந்தார்கள்.

அதனால் ஆறின பிறகு, அன்றைக்கே, திட்டை ஒதுக்கி வைத்துவிட்டு அந்த ஐந்து நிமிடத்தை மட்டும் போனில் பேசிப் பதிந்து வையுங்கள். எழுதக்கூட வேண்டாம். ஐந்து பதிவு சேர்ந்தால் ஏதாவது ஒன்று திரும்பத் திரும்ப வருவது காதில் விழும். உங்களுக்குத்தான் காது நல்ல காதாயிற்றே.

கீர்த்தி 27

அண்ணா, சென்னையில் சாஃப்ட்வேர் டெஸ்டிங்கில் இருக்கிறேன், எனக்கு 24இல் தெரிந்தது. வயசானவர்களைத்தான் கேட்டீர்கள், மன்னிக்கவும், ஆனாலும் சொல்லத் தோன்றியது.

பார்க்கும் இடமெல்லாம் சீட்டு எழுதி ஒட்டினேன். கதவில், கண்ணாடியில், லேப்டாப்பில். முதல் வாரம் வேலை செய்தது. இரண்டாவது வாரம் அந்தச் சீட்டுகள் சுவரோடு சுவராகிவிட்டன, கண் அதன் மேல் போய் வரும், படிக்காது. அக்கா சொன்ன வளையல் ஏன் மூன்று வருடம் தாங்குகிறது என்று யோசித்துப் பார்த்தேன். அது நகர்கிறது. ஒவ்வொரு முறையும் நாமே எடுத்து மாட்ட வேண்டியிருக்கிறது, மாட்டினால் உறுத்துகிறது. சீட்டு அப்படி இல்லை, அது பாட்டுக்கு இருக்கிறது.

இன்னொன்று, மாத்திரை எனக்கு ஒரு சின்ன இடைவெளியைக் கொடுத்தது. கை நீளுவதற்கும் செய்து முடிப்பதற்கும் நடுவில் ஒரு நொடி. முன்பு அந்த நொடியே இருக்காது. ஆனால் அந்த நொடியில் எது ஞாபகம் வர வேண்டும் என்பதை மாத்திரை சொல்லித் தராது, அதை நாம்தான் அங்கே கொண்டுபோய் வைக்க வேண்டும். இதைப் புரிந்துகொள்ள எனக்கு ஒரு வருடம் ஆனது. அதுவரை மாத்திரை வேலை செய்யவில்லை என்று டாக்டரிடம் சண்டை போட்டுக்கொண்டிருந்தேன்.

கோவை ரீவைண்டிங் (கேட்டவர்)

அக்கா, நீங்கள் கேட்டது சரிதான். முதல் இரண்டு முறை முந்தைய ஐந்து நிமிடம் துளிகூட ஞாபகம் இல்லை. மூன்றாவது ஞாபகம் இருக்கிறது, விவசாயி வாசலில் நின்றுகொண்டிருந்தார். யாராவது நின்று பார்த்துக்கொண்டிருந்தால் கை தானாக வேகம் எடுக்கும், அது இப்போது எழுதும்போதுதான் தெரிகிறது.

பட்டறையில் வளையல் மாதிரி ஏதாவது செய்துவிடலாம். ஆனால் வாய்க்கு என்ன செய்வது? ஜாமீன் கேட்டு வருபவரிடம் ஸ்லாட்டும் இல்லை, சுவிட்சும் இல்லை.

உளவியல் பணி

மருத்துவ உளவியல் துறையில் வேலை செய்கிறேன். உங்களை நேரில் பார்க்காமல் உங்களுக்கென்று சிகிச்சை எதுவும் சொல்ல முடியாது, பொதுவாகத் தெரிந்ததைச் சொல்கிறேன். உங்கள் கேள்வியில் காது பற்றிய பகுதிதான் என்னை உட்கார்ந்து எழுத வைத்தது.

சத்தத்தைக் கேட்டுக் கோளாறைச் சொல்லும்போது நீங்கள் எதையும் தேடி எடுக்க வேண்டியதில்லை. சத்தமே வந்து தட்டி எழுப்புகிறது. டேட்டா எடுப்பது அப்படி இல்லை. “இப்போது என்னைச் செய்” என்று அதற்காகக் குரல் கொடுக்க எதுவும் எதிரில் இல்லை, நீங்களாக நினைவுக்குக் கொண்டுவர வேண்டும். இன்னும் கவனித்தால், கருகின வாசமும் பெஞ்சில் இருக்கும் ஸ்டேட்டரும் உங்கள் கையைத் தட்டி எழுப்புகின்றன, ஆனால் வெட்டுவதற்கு எழுப்புகின்றன. 20 வருடப் பழக்கம் அது. உங்கள் அனுபவம் வேலை செய்யாமல் இல்லை, அதில் ஒரு துண்டு மற்றொன்றை முந்திக்கொண்டு ஓடுகிறது.

பின்னால் செய்ய வேண்டியதை உரிய நேரத்தில் நினைவுக்குக் கொண்டுவரும் திறனை நினைவாற்றலில் தனி வகையாகவே ஆராய்கிறார்கள். ஐன்ஸ்டைன், மெக்டேனியல் என்ற இரண்டு உளவியலாளர்கள் 1990இல் இதை இரண்டாகப் பிரித்துக் காட்டினார்கள் (ஐன்ஸ்டைன் என்றால் இயற்பியல்காரர் இல்லை). ஒன்று, ஏதோ ஒன்று கண்ணில் பட்டதும் செய்ய வேண்டியது. இன்னொன்று, நேரத்தை மட்டும் நம்பிச் செய்ய வேண்டியது. ஏ.டி.எச்.டி. உள்ளவர்களுக்கு இரண்டாவதில்தான் அடி அதிகம். செவிலி அக்கா அலாரத்தை விட்டு வளையலுக்கு வந்தது, தெரிந்தோ தெரியாமலோ, இரண்டாவதை முதலாவதாக மாற்றியதுதான்.

ரஸ்ஸல் பார்க்லி என்ற அமெரிக்க உளவியலாளர் பல வருடமாகச் சொல்லி வருவதும் இதை ஒட்டித்தான். இங்கே குறை அறிவில் இல்லை, அறிந்ததைச் செய்ய வேண்டிய நேரத்தில் செய்வதில் இருக்கிறது, ஆகவே உதவியும் அந்தச் செயல் நடக்கும் இடத்திலேயே இருக்க வேண்டும். வகுப்பிலோ ஆலோசனை அறையிலோ கேட்டுத் தலையாட்டியது பெஞ்சுக்கு வந்து சேராது.

பீட்டர் கோல்விட்சர் 1999இல் எழுதிய ஒரு கட்டுரை பிரபலம். “இனிமேல் கவனமாக இருப்பேன்” என்ற பொதுவான முடிவைவிட, “இது நடந்தால் இதைச் செய்வேன்” என்று இடத்தையும் செயலையும் முடிச்சுப் போட்டு வைத்த முடிவு அதிகம் நிறைவேறுகிறது என்பது அதன் சாரம். ஏ.டி.எச்.டி. உள்ள குழந்தைகளிடமும் இது உதவுவதைப் பிறகு பார்த்திருக்கிறார்கள். உங்கள் ஜாமீன் விஷயத்தில் “செத்தாலும் போட மாட்டேன்” என்பது வெறும் சபதம். யார், எங்கே, எந்த வார்த்தை சொல்லிக் கேட்டால் உங்கள் வாயிலிருந்து என்ன வார்த்தை வர வேண்டும் என்பது அதில் இல்லை.

உங்கள் அம்மா சொன்னதைப் பற்றியும் ஒன்று. 1902இல் ஜார்ஜ் ஸ்டில் என்ற குழந்தை மருத்துவர் லண்டனில் நிகழ்த்திய சொற்பொழிவுகளில், புத்திக்குக் குறைவில்லாமலே, தண்டனை கிடைத்த பிறகும் அதே தப்பைத் திரும்பச் செய்யும் குழந்தைகளைப் பற்றிப் பேசினார். அவர் அதை ஒழுக்கக் கட்டுப்பாட்டில் உள்ள குறை என்று பெயரிட்டார். அந்தக் காலத்து மருத்துவரே அப்படித்தான் பார்த்தார். உங்கள் அம்மா மேல் கோபம் வேண்டாம், ஆனால் 9 வயதுப் பிள்ளையின் காதில் அது விழுவதை இப்போதே நிறுத்துங்கள். இதை அழுத்திச் சொல்கிறேன். பெரியவர்களாகி வருபவர்களிடம் நான் அதிகம் கேட்பது மறதியால் இழந்த பணத்தைப் பற்றி இல்லை, சின்ன வயதில் கேட்ட இந்த மாதிரி ஒரு வாக்கியத்தைப் பற்றித்தான்.

தூக்கம் ஒழுங்காக இருக்கிறதா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். தூக்கம் கெட்ட வாரத்தில் எந்த ஏற்பாடும் நிற்காது.

ஈரோடு லோகோ, ஓய்வு

தம்பி, வயது 67. லோகோ பைலட்டாக, அதாவது ரயில் ஓட்டுநராக, இருந்து ஓய்வு பெற்றவன். மகளுக்கு இந்தப் பிரச்சினை இருப்பது தெரிந்து, அவள் படிக்கச் சொல்லி இங்கே வந்தேன். நான் எந்தப் பரிசோதனையும் செய்துகொள்ளவில்லை, இந்த வயதில் தேவையும் இல்லை, ஆனால் நீங்கள் எழுதினது என் கதைதான். வீட்டில் நான் எதையும் ஞாபகம் வைத்துக்கொண்டவன் இல்லை. கடைக்குப் போனால் வாங்க வேண்டியதை விட்டுவிட்டு வேறு எதையோ வாங்கி வருவேன். ஆனால் இன்ஜினில் ஏறினால் அப்படி இல்லை. இது எப்படி என்று என் மனைவி கடைசிவரை கேட்டுக்கொண்டே இருந்தாள்.

இன்ஜினில் யாரும் தலையை நம்புவதில்லை, அதுதான் காரணம். சிக்னல் கண்ணில் பட்டதும் லோகோ பைலட் அதை வாய்விட்டுச் சொல்ல வேண்டும், உதவி லோகோ பைலட்டும் பார்த்துச் சொல்ல வேண்டும். இது விதி. பச்சை என்று இரண்டு பேருக்கும் தெரிந்தாலும் சொல்ல வேண்டும். புதிதாக வந்த பையன்கள் முதலில் கூச்சப்படுவார்கள். ராத்திரி இரண்டு மணிக்கு மொரப்பூர், பொம்மிடி தாண்டி வரும்போது, கண் திறந்திருக்கும், மூளை எங்கோ போய்விட்டிருக்கும். அப்போது பக்கத்திலிருந்து “டபுள் எல்லோ” (இரண்டு மஞ்சள் விளக்கு, எச்சரிக்கை சிக்னல்) என்று ஒரு குரல் வந்தால், நான் திரும்பச் சொல்வதற்குள் கை பிரேக்கிடம் போயிருக்கும். எத்தனையோ ராத்திரி என் அனுபவம் என்னைக் காப்பாற்றவில்லை தம்பி, அந்தக் குரல்தான் காப்பாற்றியது. ஜப்பான் ரயில்வேயில் விரலை நீட்டிக் காட்டியே சொல்வார்கள்.

வழியில் எங்கே தண்டவாள வேலை நடக்கிறது, எங்கே வேகம் குறைக்க வேண்டும் என்பதை வாயால் சொல்லிவிட்டுப் போக மாட்டார்கள். காஷன் ஆர்டர் என்று காகிதத்தில் எழுதிக் கொடுத்துக் கையெழுத்து வாங்குவார்கள். அது எதிரிலேயே இருக்க வேண்டும்.

இதையும் கேளுங்கள். ஒரு செக்‌ஷனில் வண்டி ஓட்டுவதற்கு முன்னால் அந்த ரோட்டை, அதாவது ரயில் பாதையை, பழக வேண்டும், பகலிலும் ராத்திரியிலும். பழகியவனே மூன்று மாதத்துக்கு மேல் அந்தப் பக்கம் போகாமல் இருந்துவிட்டால் மறுபடியும் ரோடு பழகித்தான் ஓட்ட முடியும், 30 வருட சர்வீஸ் என்றாலும் அதுதான். இதை யாரும் அவமானமாக நினைப்பதில்லை. மூன்று மாதத்தில் மங்கிவிடும் என்பதை ரயில்வே ஏற்றுக்கொண்டு விதியாகவே எழுதி வைத்திருக்கிறது. நீங்கள் ஐந்து வருடத்துக்கு ஒரு முறை ஜாமீன் போட்டிருக்கிறீர்கள். 2014இல் பட்டது 2019வரை மங்காமல் இருக்க வேண்டும் என்று ஏன் எதிர்பார்க்கிறீர்கள்? இடையில் ஒரு முறையாவது அந்த ரோட்டில் போய் வந்தீர்களா? மனைவியோடு உட்கார்ந்து அந்தக் கடன் கணக்கை எடுத்துப் பார்த்தீர்களா? பார்த்திருக்க மாட்டீர்கள், வலிக்கும். நானும் பார்க்கவில்லை.

ஆமாம், நானும் ஜாமீன் போட்டவன்தான். இரண்டாவது தடவைக்குப் பிறகு என் மனைவி ஒரு ஏற்பாடு செய்தாள். யார் எது கேட்டாலும், நூறு ரூபாயானாலும், என் வாயிலிருந்து வர வேண்டிய ஒரே பதில் “வீட்டில் கேட்டுச் சொல்கிறேன்”. வேறு எதுவும் யோசிக்க வேண்டாம், நியாயம் பார்க்க வேண்டாம். பச்சைக்குப் பச்சை என்று சொல்வதுபோல வாய் அதைச் சொல்லிப் பழக வேண்டும். சாப்பிடும்போது திடீரென்று “மாமா, ஒரு கையெழுத்து வேணும்” என்பாள், நான் “வீட்டில் கேட்டுச் சொல்கிறேன்” என்பேன். இரண்டு மாதம் இப்படிப் பழக்கினாள். நம் பக்கத்தில் இந்தப் பதிலை யாரும் தப்பாக எடுப்பதில்லை, கேட்டவர் அதற்கு மேல் மல்லுக்கு நிற்கவும் முடியாது. ஒரு ராத்திரி கிடைத்துவிடும். உங்களுக்குத்தான் ராத்திரி படுத்தால் எல்லாம் ஞாபகம் வருகிறதே, அந்த ராத்திரி கையெழுத்துக்கு முன்னால் வந்தால் போதும்.

கோவை ரீவைண்டிங் (கேட்டவர்)

ஐயா, கடைசி வரியைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். நன்றி. ஒரு சந்தேகம். வீட்டில் கேட்டுச் சொல்கிறேன் என்றால் “பொண்டாட்டிக்குப் பயந்தவன்” என்பார்கள். எங்கள் வட்டத்தில் அது பெரிய பேச்சு.

திருச்சி செவிலி

தம்பி, சொல்லட்டும். அவர்கள் கட்டாத கடனை உங்களோடு சேர்ந்து சுமந்தது யார் என்று ஒரு நிமிடம் பாருங்கள். மனைவியிடம் முதலில் கேளுங்கள், தன் பெயரைச் சொல்லித் தள்ளிப்போட அவருக்குச் சம்மதமா என்று. பெயர் கெடுவது அவருக்கும் கெடும் இல்லையா. அவர் சரி என்றால் அப்புறம் யார் என்ன சொன்னால் என்ன.

ஈரோடு லோகோ, ஓய்வு

என்னையும் சொன்னார்கள் தம்பி. ஒரு வருடம் சொன்னார்கள். அப்புறம் என்னிடம் கேட்டுப் பயனில்லை என்று அவர்களுக்கே தெரிந்துவிட்டது, நேரே என் மனைவியிடம் கேட்க ஆரம்பித்தார்கள். அவள் பதில் சொல்லிக்கொண்டாள்.

கோவை ரீவைண்டிங் (கேட்டவர்)

ஏழு வாரம் ஆகிறது. என்ன ஆனது என்று சொல்லாமல் விட்டால் தப்பு, அதனால் எழுதுகிறேன்.

உளியையும் சுத்தியலையும் பெஞ்சிலிருந்து எடுத்துவிட்டேன். பழைய தகர டிரங்குப் பெட்டி ஒன்று இருந்தது, உளி அதற்குள், அதன் மேல் டேட்டா நோட்டு, நோட்டு மேல் மைக்ரோமீட்டர். நோட்டைத் தூக்காமல் உளியை எடுக்க முடியாது. முதல் வாரம் நோட்டைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டு உளியை எடுத்தேன், ஆமாம், எழுதாமலே. அன்றைக்கு நான் வெட்டுவதற்குள் பட்டறைப் பையன் பார்த்துவிட்டு “அண்ணா, டேட்டா” என்றான். அதிலிருந்து ஐயா சொன்ன முறையையும் சேர்த்துக்கொண்டோம். பையன் சுற்றை எண்ணிச் சத்தமாகச் சொல்வான், நான் திரும்பச் சொல்லி எழுதுவேன், கேஜை நான் அளந்து சொல்வேன், அவன் திரும்பச் சொல்வான். இரண்டு பேரும் சொல்லி முடித்த பிறகு அவன்தான் உளியை எடுத்துக் கொடுக்க வேண்டும். அவனுக்கு 19 வயது, முதலில் சிரித்தான், இப்போது எனக்கு முன்னால் அவனே ஆரம்பித்துவிடுகிறான். இதுவரை 31 மோட்டார், எல்லாவற்றுக்கும் டேட்டா இருக்கிறது. வாடிக்கையாளர் நிற்பதற்குப் போட்டிருந்த ஸ்டூலையும் வெளியே தள்ளிப் போட்டுவிட்டேன், கண்ணுக்கு எதிரில் ஆள் இல்லையென்றால் கை நிதானமாகத்தான் இருக்கிறது.

முந்தைய ஐந்து நிமிடத்தைப் பேசிப் பதிவது நடக்கவில்லை அக்கா. நான்கு பதிந்தேன், நின்றுவிட்டது. அந்த நான்கில் மூன்று மதியம் சாப்பிடாத நாள். அதை மனைவியிடம் சொன்னேன், இப்போது ஒன்றரை மணிக்குப் போன் வருகிறது.

ஜாமீன் இன்னும் யாரும் கேட்கவில்லை. ஒருவர் 20,000 கைமாற்றுக் கேட்டார். “வீட்டில்” என்பதுவரை வந்தது, மீதி வரவில்லை, கொஞ்சம் நேரம் திணறினேன், அவரே “சரி, கேட்டுச் சொல்லு” என்றார். ராத்திரி இரண்டு பேரும் பேசி 5,000 கொடுத்தோம், திரும்ப வராது என்று வைத்துக்கொண்டே கொடுத்தோம். பழைய கடன் கணக்கு உள்ள ஃபைலைத் தீபாவளிக்கு முன்னால் ஒரு நாள் எடுத்துப் பார்ப்பது என்று பேசியிருக்கிறோம், அந்த நாளை மனைவி காலண்டரில் வட்டம் போட்டிருக்கிறாள்.

அம்மாவிடம் பேசினேன். மகள் முன்னால் அப்படிச் சொல்ல வேண்டாம் அம்மா என்று கேட்டுக்கொண்டேன். முதலில் கோபப்பட்டார். அப்புறம் கொஞ்ச நேரம் கழித்து, “உங்கப்பாவும் மோட்டாரைப் போட்டுட்டு மறந்துட்டுத்தான் தோட்டத்துல நிப்பாரு, நான்தான் ஓடி ஓடி நிறுத்துவேன்” என்றார். அப்பா போய் 12 வருடம் ஆகிறது. அவரைப் பற்றி இப்படி ஒரு விஷயம் எனக்கு இதுவரை தெரியாது.

மகள் பள்ளிக்கூடப் பையில் தண்ணீர்ப் பாட்டிலை வைக்க மறந்து மறந்து போய்விடுவாள். செவிலி அக்காவின் வளையலைப் பற்றிச் சொன்னேன். தனக்கு வளையல் வேண்டாம், ஷூவுக்குள் பாட்டில் மூடியை வைத்துவிடலாம் என்று அவளே சொன்னாள். காலை விட்டால் குத்துமாம், அப்போது ஞாபகம் வருமாம். திங்கட்கிழமையிலிருந்து செய்து பார்க்கிறோம்.